புதிதாக நட்ட மரங்களுக்கு உரமிடல்

புதிதாக நட்ட மரங்களுக்கு உரமிடல் என்பது, நாற்றங்காலிலிருந்தோ நெகிழிப் பையிலிருந்தோ நிலத்துக்கு மாற்றி நடப்பட்ட மரக்கன்றுக்கு, அது வேரூன்றி நிலைபெறும் முதல் சில ஆண்டுகளில் ஊட்டச்சத்துகளை அளிக்கும் செயற்பாடு ஆகும். தொழு உரம், மண்புழு உரம், பிண்ணாக்கு, பசுந்தழை போன்ற இயற்கை உரங்களும், யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் போன்ற வேதியுரங்களும், நுண்ணுயிரிகளைக் கொண்ட உயிர் உரங்களும் இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன.

வளர்ந்த மரத்துக்கு உரமிடுவதும் புதிதாக நட்ட கன்றுக்கு உரமிடுவதும் ஒன்றல்ல. வளர்ந்த மரத்தின் வேர்கள் பல மீட்டர் தொலைவுக்குப் பரவியிருப்பதால், ஓரிடத்தில் உரம் மிகுந்தாலும் மரம் தாங்கிக்கொள்ளும். கன்றின் வேர்கள் ஒரு சிறு மண்கட்டிக்குள் அடங்கியிருப்பதால், அங்கே இடப்படும் உரம் முழுவதும் அவ்வேர்களையே தாக்கும். இக்காரணத்தால் கன்று நட்டவுடன் அதற்கு முதன்மையாகத் தேவைப்படுவது நீரும் காற்றோட்டமுள்ள மண்ணும் ஆகும். கரையும் வேதியுரம் வேர் பிடித்த பின்னரே, சிறு அளவில் தொடங்கி ஆண்டுதோறும் கூட்டி இடப்படுகிறது. மண்ணிலும் கிணற்று நீரிலும் உப்பு கலந்துள்ள கடற்கரைப் பகுதிகளில் இவ்வொழுங்கு மேலும் இன்றியமையாததாகிறது. காவிரிக் கழிமுகத்தின் காரைக்கால் கடற்கரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும்.

வேர் நிலைபெறுதல்

நிலத்தில் வளர்ந்த கன்றைப் பெயர்த்து நடும்போது அதன் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி அறுபட்டுப் போகிறது. நெகிழிப் பையில் வளர்ந்த கன்றுக்கு அவ்விழப்பு குறைவு. ஆயினும் அதன் வேர்கள் பைக்குள் சுருண்டு வளர்ந்திருக்கும். இரண்டு நிலையிலும், நட்ட பின் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை, இலைகள் வெளியேற்றும் நீருக்கு ஈடான நீரை வேர்களால் உறிஞ்ச இயலாது. கன்று வாடி, சில இலைகளை உதிர்ப்பது இதனாலேயே. இது நடவு அதிர்ச்சி எனப்படுகிறது. வாட்டத்தைச் சத்துக்குறைவு எனக் கருதி இந்நிலையில் உரமிடுவது, பரவலாகக் காணப்படும் பிழைகளுள் ஒன்று.

தழைச்சத்து மிகுந்தால் இளந்தளிர்கள் விரைந்து தோன்றும். அவற்றுக்கு வேண்டிய நீரைத் தரும் அளவுக்கு வேர் வளர்ந்திராதபோது, அத்தளிர்களே கன்றுக்குச் சுமையாகின்றன. மென்மையான தளிர்கள் அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் ஈர்க்கின்றன.

தென்னங்கன்று இதில் தனித்தன்மை உடையது. நெற்றின் உள்ளே இருக்கும் பருப்பையே உணவாகக் கொண்டு அது வளரத் தொடங்குகிறது. முளைத்த பின் ஓராண்டுக்கும் மேலாக அவ்வுணவு கன்றுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஓராண்டுக்குள் எடுத்து நடப்படும் தென்னங்கன்று, தனக்கான உணவின் ஒரு பகுதியைத் தன்னுடனேயே கொண்டு வருகிறது எனலாம்.

உரமும் உப்பும்

வேதியுரங்களுள் பெரும்பாலானவை வேதியியல் நோக்கில் உப்புகளே. மண்நீரில் அவை கரையும்போது நீரின் ஊடுபரவல் அழுத்தம் கூடுகிறது. மண்நீரின் உப்புச்செறிவு வேருக்குள் இருக்கும் சாற்றின் செறிவை நெருங்கினால், ஈரமான மண்ணில் நின்றாலும் வேரால் நீரை எடுக்க முடிவதில்லை. செறிவு மேலும் கூடினால் வேரிலிருந்தே நீர் வெளியேறும். இலை நுனியும் ஓரமும் கருகுவது இதன் வெளிப்படையான அடையாளம்.

உரங்களின் இத்தன்மையை ஒப்பிடுவதற்கு உப்புக் குறியெண் என்னும் அளவீடு பயன்படுகிறது. சோடியம் நைட்ரேட்டின் மதிப்பை 100 எனக் கொண்டு ஏனையவை ஒப்பிடப்படுகின்றன. சில பொதுவான உரங்களின் மதிப்புகள் ஏறத்தாழப் பின்வருமாறு:

மியூரியேட் ஆப் பொட்டாஷ் – 116
யூரியா – 75
அம்மோனியம் சல்பேட் – 69
பொட்டாசியம் சல்பேட் – 46
சூப்பர் பாஸ்பேட் – 8

சூப்பர் பாஸ்பேட்டைக் குழி மண்ணுடன் கலப்பது தீங்கற்றதாகவும், யூரியாவையோ பொட்டாஷையோ குழியில் இடுவது தீங்கானதாகவும் அமைவதற்கு இவ்வேறுபாடே முதன்மைக் காரணம். யூரியாவுக்கு மற்றொரு இடரும் உண்டு. அது மண்ணில் சிதையும்போது முதலில் அம்மோனியாவாக மாறுகிறது. காரத்தன்மையுள்ள மண்ணில் அம்மோனியா வளிமமாகவே தங்கி, இளவேர்களை நஞ்சாகத் தாக்கவல்லது.

வரலாறு

தமிழகத்தில் எருவிடுதல் மிகப் பழைய வழக்கம். திருக்குறளின் உழவு என்னும் அதிகாரம் எருவிடுதலின் சிறப்பை எடுத்துரைக்கிறது. கொல்லையிலும் தோப்பிலும் மாட்டுச் சாணம், ஆட்டு எரு, சாம்பல், குளத்து வண்டல், பூவரசு, புங்கம், கொளுஞ்சி ஆகியவற்றின் தழை முதலியன இடப்பட்டுவந்தன. நிலத்தில் ஆட்டுக்கிடை அமர்த்தும் வழக்கம் காவிரிப் படுகையில் இன்றும் உண்டு.

வடமொழியில் மர வளர்ப்பைப் பற்றிய அறிவு விருட்சாயுர்வேதம் எனப்பட்டது. வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் இதற்கென ஓர் அத்தியாயம் உள்ளது. சுரபாலர் இயற்றிய விருட்சாயுர்வேதம் என்னும் நூல், இறைச்சி, கொழுப்பு, எள்ளுப் பிண்ணாக்கு முதலியவற்றை நொதிக்க வைத்துப் பெறும் குணபசலம் என்னும் நீர்ம உரத்தை விவரிக்கிறது. ஆக்சுபோர்டில் உள்ள போட்லியன் நூலகத்தில் பேணப்பட்டுவந்த இதன் சுவடி, நளினி சாதலேயின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது.

தாவரங்கள் கனிமச் சத்துகளை மண்ணிலிருந்து பெறுகின்றன என்னும் கருத்தைச் செருமானிய வேதியியலாளர் யுசுடசு வான் லீபிக் 1840ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாசு சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் இராணிப்பேட்டையில் தொடங்கப்பட்டது. தென்னை ஆய்வுக்காக அன்றைய சென்னை மாகாண அரசு 1916ஆம் ஆண்டில் காசர்கோட்டில் ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தது. அதுவே பின்னர் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது.

நடும் குழியில் இடுபவை

குழியின் அளவு மரவகையையும் மண்ணையும் பொறுத்தது. தென்னைக்கு மூன்றடி நீள, அகல, ஆழமுள்ள குழியும், மாவுக்கு ஒரு மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழியும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. தென்னங்குழியில் தொழு உரம், செம்மண், மணல் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து இரண்டடி உயரத்துக்கு நிரப்பி, அதன்மேல் கன்றை நடுவது தமிழ்நாட்டில் பின்பற்றப்படும் முறை. நீர் விரைந்து வடியும் மணற்பாங்கான நிலத்தில், குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை உட்புறம் மேல்நோக்கி இருக்குமாறு இரண்டு அடுக்காகப் பரப்புவதும் உண்டு. மட்டைகள் ஈரத்தைப் பிடித்து வைப்பதுடன், மக்கும்போது சாம்பல் சத்தையும் வெளிவிடுகின்றன.

குழியில் இடும் எரு நன்கு மக்கியதாக இருத்தல் வேண்டும். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, பச்சைச் சாணமும் மக்காத குப்பையும் குழிக்குள் நொதிக்கும்போது வெப்பத்தை உண்டாக்குவதுடன், வேருக்கு வேண்டிய உயிர்வளியையும் எடுத்துக்கொள்கின்றன.

இரண்டாவது, கரிமம் மிகுந்த பொருள்களை மக்கச்செய்யும் நுண்ணுயிரிகள், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுக்கின்றன. அதனால் கன்றுக்குக் கிடைக்கவேண்டிய தழைச்சத்து தற்காலிகமாகக் குறைந்துவிடும். மக்காத தென்னை நார்க்கழிவில் கரிமத்துக்கும் நைட்ரசனுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 112:1 ஆகும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைத்தால் அது 24:1 என்ற அளவுக்குக் குறைகிறது. நார்க்கழிவை நேரடியாகக் குழியில் கொட்டக்கூடாது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

மூன்றாவது, காண்டாமிருக வண்டு மக்கும் எருவிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. இவ்வண்டு தென்னங்கன்றின் குருத்தைத் துளைத்து, வளர்முனையையே அழிக்கவல்லது. எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தல், மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையை எருக்குழியில் இடுதல் ஆகியவை தடுப்பு முறைகளாகும்.

வேப்பம் பிண்ணாக்கு மெதுவாகச் சத்தை வெளிவிடுவதாலும், கரையான், நூற்புழு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதாலும் குழிக்கலவையில் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. எருவைக் கலவையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதால் பயனில்லை. எரு மக்கி அமிழும்போது கன்றும் உடன் தாழ்ந்துவிடும். மேலும், குழி மட்டும் செழுமையாகவும் சுற்றுமண் வறியதாகவும் இருந்தால், வேர்கள் குழியைவிட்டு வெளியே செல்லாமல் உள்ளேயே சுற்றி வளர நேரிடும்.

வேதியுரத்தின் அளவும் காலமும்

தென்னை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, ஐந்தாம் ஆண்டு முதல் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரத்துடன் முழு அளவு வேதியுரம் இடப்படுகிறது. இரண்டாம் ஆண்டில் அதில் கால் பங்கும், மூன்றாம் ஆண்டில் அரைப் பங்கும், நான்காம் ஆண்டில் முக்கால் பங்கும் இடப்படும். இதன்படி ஓராண்டுக்கான அளவுகள்:

2ஆம் ஆண்டு – யூரியா 325 கிராம், சூப்பர் பாஸ்பேட் 500 கிராம், பொட்டாஷ் 500 கிராம்
3ஆம் ஆண்டு – யூரியா 650 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1 கிலோ, பொட்டாஷ் 1 கிலோ
4ஆம் ஆண்டு – யூரியா 975 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1.5 கிலோ, பொட்டாஷ் 1.5 கிலோ
5ஆம் ஆண்டு முதல் – யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ

இவ்வளவை இரண்டாகப் பிரித்து, ஜூன்–ஜூலை மாதங்களில் ஒரு முறையும் டிசம்பர்–ஜனவரி மாதங்களில் ஒரு முறையும் இடவேண்டும்.

காசர்கோட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை சற்று வேறுபடுகிறது. அதன்படி நட்ட மூன்று மாதங்களுக்குப் பின் முழு அளவில் பத்தில் ஒரு பங்கும், இரண்டாம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கும், மூன்றாம் ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கும், நான்காம் ஆண்டு முதல் முழு அளவும் இடப்படுகின்றன. நட்ட அன்றே வேதியுரம் இடுவதில்லை என்பதிலும், சிறு அளவில் தொடங்கிக் கூட்டவேண்டும் என்பதிலும் இரண்டு முறைகளும் ஒத்துள்ளன.

மா

மாங்கன்றுக்கு முதல் ஆண்டில் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல் சத்து 300 கிராம் பரிந்துரைக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் இதே அளவு கூட்டப்பட்டு, ஆறாம் ஆண்டு முதல் தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல் சத்து 1.5 கிலோ என நிலைநிறுத்தப்படுகிறது. இவை சத்தின் எடையே அன்றி உரத்தின் எடை அல்ல. யூரியாவில் 46 விழுக்காடு மட்டுமே தழைச்சத்து உள்ளது. ஆகவே 200 கிராம் தழைச்சத்துக்கு ஏறத்தாழ 435 கிராம் யூரியா தேவை. அதனை ஒரே முறையில் இடாது பல முறையாகப் பிரித்து இடுவது கன்றுக்கு நல்லது.

சவுக்கும் நிழல்தரு மரங்களும்

சவுக்கு மரத்தின் வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிரி காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்தித் தருகிறது. முடிச்சுகள் உருவான கன்றுக்குத் தழைச்சத்து உரம் பெரிதும் தேவைப்படுவதில்லை. புங்கமும் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் இதே பணியைச் செய்கிறது. வேம்பு, பூவரசு, புன்னை போன்ற நிழல்தரு மரங்களுக்கு, நட்ட குழியில் இட்ட மக்கிய எருவும் மேற்பரப்பில் இடும் மூடாக்குமே பெரும்பாலும் போதுமானவை. பயனுக்காகக் காய்க்கவேண்டிய மரத்துக்கு வகுத்த உர அளவை நிழலுக்காக வளர்க்கும் மரத்துக்கும் இடுவதற்கு அடிப்படை இல்லை.

இடும் முறை

உரம் தண்டை ஒட்டி இடப்படுவதில்லை. தண்டின் அடியில் உறிஞ்சு வேர்கள் இல்லை என்பதோடு, அங்கே தேங்கும் உரம் பட்டையையும் வேர்க்கழுத்தையும் கருக்கிவிடும். கன்றைச் சுற்றி வட்டப்பாத்தி அமைத்து, இலைப்பரப்பின் வெளிவிளிம்புக்கு நேர்கீழே உள்ள வளையத்தில் உரத்தைத் தூவி, மேல்மண்ணுடன் மெல்லக் கிளறிவிட வேண்டும். ஆழமாகக் கொத்தினால் புதிய வேர்கள் அறுபடும். கன்று வளர வளர வளையமும் வெளிநோக்கி நகர்த்தப்படுகிறது. முழுவளர்ச்சி அடைந்த தென்னைக்கு வட்டப்பாத்தியின் ஆரம் 1.8 மீட்டர் ஆகும்.

உரமிடுவதற்கு முன் மண் ஈரமாக இருத்தல் வேண்டும். இட்ட பின்னும் உடனே நீர் பாய்ச்சுதல் வேண்டும். வறண்ட மண்ணில் இட்ட உரம் முதல் ஈரத்தில் மிகுந்த செறிவுடன் கரைந்து வேரைத் தாக்கும். நீர் தேங்கி நிற்கும் பாத்தியில் இட்ட யூரியாவும் பயன் தராது. உயிர்வளியற்ற சேற்றில் நைட்ரேட் நைட்ரசன் வளியாக மாறிக் காற்றில் கலந்துவிடும்.

உரமிட்ட பாத்தியை வைக்கோல், காய்ந்த இலை, தென்னை மட்டை ஆகியவற்றால் மூடுவது மூடாக்கு எனப்படுகிறது. இது ஈரத்தைக் காத்து, களையைத் தடுத்து, மெல்ல மக்கி எருவாகவும் மாறுகிறது. மூடாக்கு தண்டைத் தொடாதவாறு சிறிது இடைவெளி விடப்படுகிறது.

உயிர் உரங்கள்

அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்துகிறது. பாஸ்போபாக்டீரியா மண்ணில் கரையா நிலையிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தருகிறது. வேர் உட்பூசணம் வேருடன் இணைந்து வாழ்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தையும் நீரையும் கொண்டுவந்து சேர்க்கிறது. தென்னைக்கு இவை ஒவ்வொன்றும் 50 கிராம் வீதம், நட்ட காலம் முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை, மக்கிய எருவுடன் கலந்து வேர்ப்பகுதியில் இடப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றை வேதியுரங்களுடனோ பூச்சிக்கொல்லிகளுடனோ கலத்தல் கூடாது. நட்டவுடன் இடத்தக்கவை என்ற வகையில், புதிய கன்றுகளுக்கு இவை வேதியுரத்தைவிடப் பொருத்தமானவை.

காவிரிக் கடைமடைக் கடற்கரையில் உரமிடல்

நிலமும் நீரும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டம், தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களால் சூழப்பட்டு, கிழக்கே வங்காள விரிகுடாவை எல்லையாகக் கொண்டது. இதன் வடபகுதியில், கோட்டுச்சேரி கொம்யூனில், காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி செல்லும் வழியில் வரிச்சிக்குடி அமைந்துள்ளது. இப்பகுதி காவிரியின் கடைமடை ஆகும். அதாவது ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் இடம். காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டில் வழங்கிய இறுதித் தீர்ப்பில் காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அவ்வளவை மாற்றவில்லை.

கடலோரத்தில் மணலும் உட்பகுதியில் ஆற்று வண்டலும் களியும் காணப்படுகின்றன. மணலில் இட்ட உரம் ஒரு பெருமழையில் வேருக்குக் கீழே கழுவிச் செல்லப்படும். களியில் நீர் வடியாமல் வேர் மூச்சுத்திணறும். இவ்விரண்டுக்கும் மேலாக, கோடையில் ஆற்றுநீர் வராதபோது கடலோரக் கிணறுகளின் நீர் உவர்ப்பாக மாறுகிறது. அந்நீரைக் கன்றுக்கு ஊற்றும்போது ஒவ்வொரு குடத்துடனும் சிறிது உப்பும் மண்ணில் சேர்கிறது. அதன்மேல் பொட்டாஷும் யூரியாவும் இடப்பட்டால், உள்நாட்டில் தீங்கற்ற அளவே இங்கே கன்றைக் கருக்கும் அளவாகிவிடுகிறது.

நிறைவுற்ற மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்கு மேற்பட்டால் அம்மண் உவர்மண் எனப்படுகிறது. மண்ணில் சோடியம் மிகுந்து களர்த்தன்மை ஏற்பட்டால் மண் இறுகி நீர் இறங்காது. உவர்மண்ணை நல்ல நீரால் கழுவி வடித்தே சீர்செய்ய முடியும். களர்மண்ணுக்கு அதனுடன் ஜிப்சமும் தேவைப்படும். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய இயலாது. மண் பரிசோதனை வேண்டும். காரைக்கால் மாவட்டத்தில் மாதூரில் வேளாண் அறிவியல் நிலையமும், செருமாவிலங்கையில் 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன.

ஆழிப்பேரலைக்கும் புயலுக்கும் பின்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை, காரைக்கால், நாகப்பட்டினம் கடலோரத்தில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியதுடன், விளைநிலங்களிலும் தோப்புகளிலும் கடல்நீரையும் உப்புச் சேற்றையும் விட்டுச் சென்றது. இத்தகைய நிலத்தில் உரமிடுவதால் மரங்கள் மீளா. முதலில் உப்பு நீங்கவேண்டும். கடல்சேற்றை அகற்றுதல், வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கி வடித்தல், தேவையான இடங்களில் ஜிப்சம் இடுதல், தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிரை வளர்த்து மடக்கி உழுதல் ஆகியவை அப்போது மேற்கொள்ளப்பட்ட வழிகளாகும். 2005ஆம் ஆண்டின் மிகுதியான வடகிழக்குப் பருவமழை, மண்ணிலிருந்த உப்பு கரைந்து வெளியேற உதவியது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், காவிரிப் படுகை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னை மரங்களை வேருடன் சாய்த்தது. அவற்றுக்கு ஈடாகப் பெருமளவில் புதிய கன்றுகள் நடப்பட்டன. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகளும், குட்டை வகை மூன்று முதல் நான்கு ஆண்டுகளும் ஆகின்றன. தோப்பை இழந்த குடும்பத்துக்கு அதுவரை தென்னை வருமானம் இல்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு கன்று பட்டுப்போனால், இழப்பு அக்கன்றின் விலை மட்டுமன்று. காத்திருந்த காலமும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. விரைவாக வளரவேண்டும் என்னும் இயல்பான ஆவலே மிகுதியான உரத்துக்குக் காரணமாவதும், அவ்வுரமே கன்றைத் தாமதிக்கச் செய்வதும் இச்சூழலில் கவனிக்கத்தக்கன.

உரமிடும் பருவம்

காரைக்கால் பகுதி தன் ஆண்டு மழையின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் பெறுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களின் அடைமழையில் இடும் உரம் கழுவப்பட்டு வாய்க்கால் வழியே கடலுக்குச் செல்லும். கனமழை ஓய்ந்து, உப்பு கழுவப்பட்டு, மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும் டிசம்பர் இறுதி, ஜனவரி மாதங்களே இங்கு உரமிட மிகவும் ஏற்ற காலம். ஜூன்–ஜூலை உரம் நீரைப் பொறுத்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12 ஆயினும், நீர் இருப்பைப் பொறுத்து அது மாறும். கடைமடைக்கு நீர் வந்துசேர மேலும் நாள்கள் ஆகும். நாள்காட்டியைப் பார்த்து இடாமல், வாய்க்காலில் நல்ல நீர் வந்த பின் இடுவதே கன்றுக்குப் பாதுகாப்பானது. கோடையில், உவர்நீர் மட்டும் கிடைக்கும் மாதங்களில், வேதியுரத்தைத் தவிர்த்து மூடாக்கை மட்டும் பேணுவது தகும்.

நீர் தேங்கும் களிநிலத்தில் கன்றைப் பள்ளத்தில் நடாமல், மேடு அமைத்து அதன்மேல் நட்டால், மழைக்காலத்தில் வேர் அழுகாது. உப்பும் கீழே இறங்கும்.

மரவகையைத் தேர்தல்

உரத்தால் ஈடுசெய்ய முடியாத ஒன்று பொருந்தாத மரவகை ஆகும். பனை, புன்னை, பூவரசு, புங்கம், வேம்பு, சவுக்கு ஆகியவை கடலோரச் சூழலைத் தாங்குபவை. பழமரங்களுள் சப்போட்டா உப்பை ஓரளவு தாங்கும். மா எளிதில் பாதிக்கப்படும். தென்னை உப்பைத் தாங்குவதோடு, குளோரினை ஊட்டச்சத்தாகவே பயன்படுத்திக்கொள்கிறது. இதனால் கடலிலிருந்து தொலைவிலுள்ள பிலிப்பீன்சின் தென்னந்தோப்புகளில் சோற்றுப்பே உரமாக இடப்படுகிறது. கடற்காற்றே உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் காரைக்கால் போன்ற இடங்களில் அதற்குத் தேவை இல்லை. தென்னங்கன்றின் அடியில் உப்பு இடும் வழக்கத்தைக் கடலோரத்துக்கு அப்படியே கொண்டுவருதல் தவறாகும்.

அறிகுறிகளும் தவறான கணிப்பும்

தழைச்சத்துக் குறைவில் முதிர்ந்த இலைகள் முதலில் சீராக மஞ்சளாகும். சாம்பல் சத்துக் குறைவில் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் காய்ந்து கருகும். இரும்புச்சத்துக் குறைவில் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போவது இதற்குக் காரணம். இதற்கு யூரியா இடுவதால் பயன் இல்லை. நீர் தேங்குவதாலும் இலைகள் மஞ்சளாகும். அதற்கு வடிகாலே மருந்து.

கடலோரத்தில் பெரிதும் குழப்பம் தருவது இலை ஓரக் கருகல் ஆகும். உப்பு மிகுதியும் சாம்பல் சத்துக் குறைவும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தைக் காட்டுகின்றன. உப்பால் கருகிய கன்றைச் சாம்பல் சத்துக் குறைவுடையது எனக் கொண்டு மியூரியேட் ஆப் பொட்டாஷ் இட்டால், உப்புக் குறியெண் மிக உயர்ந்த உரத்தையே இட்டதாக ஆகும். கருகல் தோன்றியவுடன் உரமிடுவதை நிறுத்தி, மண்ணையும் நீரையும் பரிசோதித்த பின்னரே அடுத்த செயலில் இறங்குவது முறை.

உரம் மிகுந்துவிட்ட கன்றை மீட்க, கரையாமல் மேலே கிடக்கும் உரத்தை மேல்மண்ணுடன் அகற்றி, வடிகால் உள்ள நிலையில் உவர்ப்பற்ற நீரை மிகுதியாகப் பாய்ச்சி, உப்பை வேர்ப்பகுதிக்குக் கீழே இறக்கவேண்டும். புதிய தளிர் தோன்றும் வரை மீண்டும் உரம் இடுவதில்லை. நட்ட கன்று உரம் ஏற்கத் தக்க நிலையை அடைந்துவிட்டது என்பதற்கும் இதே தளிரே அடையாளம்: புதிய இலைகள் தோன்றி, நடுப்பகலிலும் வாடாமல் நின்றால், வேர் சுற்றுமண்ணைப் பற்றிவிட்டது எனக் கொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

தொழு உரம்
மண்புழு உரம்
உயிர் உரம்
மூடாக்கு
உவர்மண்
தென்னை
காரைக்கால் மாவட்டம்
கஜா புயல்